பதற்றத்தைப் பார்த்தே பழகும் பிள்ளைகள்: மறைப்பதா, காட்டுவதா?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் குறிப்பு எழுதுகிறேன். நெருக்கடியில் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதுதான் பொருள். கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் "நீங்கள் அமைதியாக இருந்தால் குழந்தையும் அமைதியாக இருக்கும்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்வார்?

எனக்குத் தெரிய வேண்டியவை: வெறுமனே பார்த்தாலே பயம் ஒட்டிக்கொள்ளுமா, இல்லை பரம்பரையாக வருவதைத்தான் பார்த்துப் பழகியதாக நினைக்கிறோமா? எந்த வயதிலிருந்து? பெரியவர் தன் படபடப்பை முழுக்க மறைத்துவிட்டால் போதுமா? ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை எப்படிக் கழற்றுவது? படிப்படியாகச் சொன்னால் நல்லது. எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லுங்கள், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

மருதநிலம்

முதலில் தொற்றையும் கற்றலையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் பாதிக் குழப்பம் இங்கேதான் வரும். ஒருவர் படபடக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது தொற்று. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். படபடத்தவர் பக்கத்திலேயே இல்லாதபோது, ஒரு வாரம் கழித்து, அதே பொருளைக் கண்டதும் உடம்பு பதறினால் அது கற்றல். ஆகவே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டதா என்று அறிய, அந்தப் பெரியவர் இல்லாத நேரத்தில் கவனிக்க வேண்டும்.

வெறும் பார்வை போதுமா என்றால், போதும். 1984-இல் சூசன் மினேக்கா குழுவினர் ரீசஸ் குரங்குகளிடம் இதைக் காட்டினார்கள். ஆய்வகத்திலேயே வளர்ந்த இளங்குரங்குகளுக்குப் பாம்பு என்றால் பயமே இல்லை. காட்டில் வளர்ந்த பெற்றோர் பாம்பைக் கண்டு அலறி ஒதுங்குவதைச் சில தடவை பார்த்ததும் பெரும்பாலான குட்டிகளும் அதேபோல் ஒதுங்க ஆரம்பித்தன. 3 மாதம் கழித்துச் சோதித்தபோதும் பயம் அப்படியே இருந்தது. ஒன்றைக்கூடப் பாம்பு தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு வரம்பும் உண்டு. 1989-இல் குக்கும் மினேக்காவும் வீடியோவை வெட்டி ஒட்டி, ஒரே குரங்கு பொம்மைப் பாம்பைப் பார்த்துப் பதறுவது போலவும், பூவைப் பார்த்துப் பதறுவது போலவும் இரண்டு படம் தயாரித்தார்கள். பாம்புப் படம் பார்த்தவை பாம்புக்குப் பயந்தன. பூப் படம் பார்த்தவை பூவுக்குப் பயப்படவில்லை. பொம்மை முதலைக்கும் பொம்மை முயலுக்கும் இதே வித்தியாசம்தான். எதைக் காட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதிவிடாதீர்கள்.

மனிதர்களிடம் ஆண்டிரியாஸ் ஓல்சனும் எலிசபெத் ஃபெல்ப்ஸும் செய்த சோதனையின் அமைப்பு எளிது. வீடியோவில் ஒருவர் உட்கார்ந்து வண்ணச் சதுரங்களைப் பார்க்கிறார். ஒரு நிறம் வரும்போது மட்டும் கையில் லேசான மின்னதிர்ச்சி வாங்கி முகம் சுளிக்கிறார். பார்ப்பவரிடம் "அடுத்து உங்கள் முறை" என்கிறார்கள். அவர் கையில் மின்முனை பொருத்துகிறார்கள், ஆனால் அதிர்ச்சி தருவதில்லை. இருந்தும் அந்த நிறம் வந்ததும் அவர் விரலில் வியர்வைச் சுரப்பு கூடுகிறது. 2007-இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அடுத்தவர் வாங்குவதைப் பார்க்கும் நேரத்திலும், பிறகு தன் முறை வரும் நேரத்திலும் மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி கிளர்ந்தது.

வயதைப் பொறுத்தவரை, 12 மாதத்திலேயே பெரியவர் முகத்தைப் படித்து முடிவெடுக்கிறார்கள். ஜேம்ஸ் சோர்ஸ் குழுவின் 1985 ஆய்வில், கண்ணாடி பதித்த மேசையில் ஒரு பக்கம் சுமார் 30 செ.மீ. பள்ளம் இருப்பது போலத் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பலர் விட்டுவிடும் ஒரு பகுதி: பள்ளமே இல்லாதபோது பெரும்பாலான குழந்தைகள் அம்மாவைத் திரும்பியே பார்க்கவில்லை. சந்தேகம் வரும்போதுதான் முகம் தேடப்படுகிறது. அதனால் புதுப் பொருள், புது ஆள், புது இடம், இந்த மூன்றில்தான் பெரியவரின் முதல் பார்வைக்குக் கனம் அதிகம்.

கொஞ்சம் பெரிய குழந்தைகளில் ஜெரல், ரேப்பி இருவரின் 2002 ஆய்வு. 15 முதல் 20 மாதக் குழந்தைகள், ரப்பர் பாம்பு, ரப்பர் சிலந்தி. அம்மா முகம் சுளித்துக் காட்டிய பொம்மையை 10 நிமிடம் கழித்தும் தொடத் தயங்கினார்கள், அப்போது அம்மா சாதாரண முகத்தோடுதான் இருந்தார்.

பரம்பரை பற்றி: தாலியா ஈலி குழு 2015-இல் இரட்டையரின் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தது. அம்மா ஒத்த இரட்டையரில் ஒருவர் என்றால், கூடப் பிறந்த பெரியம்மாவோ சித்தியோ மரபணுக் கணக்கில் அம்மாவுக்குச் சமம், ஆனால் வளர்ப்பவர் அல்ல. பெற்றோரின் பதற்றத்துக்கும் பதின்ம வயதுப் பிள்ளையின் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பில் மரபணுவைத் தாண்டிய நேரடித் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது. இதற்காக மரபணுவுக்கு வேலையே இல்லை என்று ஆகாது. எளிதில் பதறும் சுபாவம் பிறப்பிலேயே ஓரளவு வருகிறது. ஸ்டான்லி ராக்மன் 1977-லேயே பயம் வரும் வழிகளை மூன்றாகச் சொன்னார்: நேரடி அனுபவம், பார்த்தல், பிறர் சொல்லக் கேட்டல். வீட்டில் இந்த மூன்றும் கலந்துதான் வரும்.

அல்லி

மறைப்பது பற்றி நான் சொல்றேன். மறைப்பு பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடுகிறது, சிக்கல் அதுதான். எதிரே நாய் வருகிறது என்று வையுங்கள். அம்மா சிரித்த முகமாக "பாரு, தோ தோ" என்கிறார். அதே நேரம் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகுகின்றன, நடை அரை அடி ஓரமாக ஒதுங்குகிறது, மூச்சு நிற்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பைவிடப் பிடிதான் முதலில் போய்ச் சேருகிறது.

சாரா வாட்டர்ஸ், வெண்டி மெண்டஸ் குழுவின் 2014 ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். 12 முதல் 14 மாதக் குழந்தைகளின் அம்மாக்களைத் தனி அறையில் பேச வைத்து, எதிரே இருந்தவர்களை முகம் சுளிக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா திரும்பி வந்து தூக்கிய சில நிமிடங்களில் குழந்தையின் இதயத் துடிப்பும் அம்மாவுடையதைப் பின்தொடர்ந்தது. அந்தக் குழந்தைகள் புதியவர்களிடம் போகவும் அதிகம் தயங்கினார்கள். 2017-இல் அடுத்த ஆய்வு: மடியில் இருந்த குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு, தொடாமல் பக்கத்தில் இருந்தவர்களைவிட வலுவாக இருந்தது.

அதே குழுவின் 2020 ஆய்வில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள். பெற்றோரில் ஒரு பகுதியினரிடம் உணர்ச்சியைக் காட்டாமல் அடக்கச் சொன்னார்கள். அடக்கியவர்களிடம் இதமும் ஈடுபாடும் குறைந்தன, பிள்ளைகளும் அவர்களிடம் அதே அளவு ஒதுங்கியே நடந்தார்கள். மறைப்பதற்கே முழு கவனமும் செலவாகிவிட்டால் பிள்ளையிடம் கொடுக்க என்ன மிஞ்சும்?

அப்போ கொட்டித் தீர்த்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. பர்ஸ்டீன், கின்ஸ்பர்க் 2010-இல் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் தேர்வு வைத்தார்கள். தேர்வுக்கு முன் பெற்றோர் கவலையோடு பேசி நடித்தால் பிள்ளைக்கு கவலை கூடியது, தேர்வைத் தவிர்க்கும் ஆசையும் வந்தது. தன்னம்பிக்கையோடு நடித்தபோது அப்படி இல்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் பயிற்சியின் முக்கியப் பகுதியாக இருக்க வேண்டும் என்பேன்: பதற்றம் தொடங்கி, ஏதோ ஒன்று செய்யப்பட்டு, அது இறங்குவது வரை முழுதாகக் காட்டுவது. பிள்ளை பார்ப்பது தொடக்கத்தை மட்டும் என்றால் தொடக்கத்தை மட்டும்தான் கற்கும். வீடுகளில் நடப்பது அதுவேதான்: அப்பா கத்துகிறார், பிறகு வேறு அறைக்குப் போய்த் தணிகிறார். கத்தல் எல்லோர் கண்முன்னும் நடக்கிறது, தணிந்தது யார் கண்ணிலும் படுவதில்லை.

பயமே இல்லாத ஆளைக் காட்டுவதைவிட, பயந்து சமாளித்து முடிக்கும் ஆளைக் காட்டுவது அதிகம் பலிக்கிறது என்பதை டொனால்ட் மைக்கன்பாம் 1970-களின் தொடக்கத்திலேயே காட்டினார். மெலமெட், சீகல் 1975-இல் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு, மருத்துவமனையில் சேர்ந்து முதலில் பயந்து ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி வீடு திரும்பும் சிறுவனின் படம். மீதிப் பேருக்குச் சம்பந்தமில்லாத படம். முதல் குழுவுக்குச் சிகிச்சைக்கு முந்தைய இரவிலும், பிறகு நடந்த பரிசோதனையின்போதும் பதற்றம் குறைவாக இருந்தது.

வாய்விட்டுச் சொல்வது எப்படி இருக்கும் என்றால், சாவி காணாமல் போன நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

"சாவியைக் காணோம், நேரம் ஆகுது. எனக்குப் படபடன்னு இருக்கு. ஒரு நிமிஷம் நிக்கிறேன். மூச்சை மெதுவா வெளியே விடுறேன். கடைசியா எங்கே வச்சேன்? அங்கே போய்ப் பார்க்கிறேன்... இல்லை. சரி, இன்னொரு சாவியை எடுத்துக்கலாம். இப்போ கொஞ்சம் பரவாயில்லை."

இதில் சாவி கிடைக்கவே இல்லை என்பதைப் பாருங்க. வேண்டுமென்றேதான் அப்படி. கிடைத்ததால் தணிந்தது என்று காட்டினால், கிடைக்காத நாளில் பிள்ளைக்கு வழி இல்லை. காரணத்தைச் சொல்வதும் விடக்கூடாத ஒன்று. சொல்லாவிட்டால் சின்னப் பிள்ளை தன்னால்தான் என்று எடுத்துக்கொள்ளும், அல்லது பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

மூச்சுப் பயிற்சியை மனசுக்குள் எண்ணிச் செய்பவர்களுக்கு ஒன்று. பிள்ளைக்குத் தெரிவது உங்கள் மௌனம்தான். காதில் விழும்படி விடுங்கள்: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, ஐந்தாறு தடவை, தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்படி.

இளவேனில்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அல்லி, ஒரு சந்தேகம். "எனக்குப் படபடன்னு இருக்கு" என்று அம்மாவே சொன்னால் பிள்ளை இன்னும் மிரளாதா? எந்த அளவுக்கு மேல் போனால் சொல்லக் கூடாது என்று ஏதாவது கணக்கு உண்டா? "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது" என்பதையும் சேர்த்துச் சொல்லலாமா?

அல்லி

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊசி போடும் அறையில் பெற்றோர் பேச்சைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளில், "பயப்படாதே", "ஒண்ணும் ஆகாது", "அவ்வளவுதான் அவ்வளவுதான்" என்ற வகைத் தேற்றல் பிள்ளையின் அழுகையைக் குறைப்பதற்குப் பதில் கூடுதல் அழுகையோடுதான் சேர்ந்து வருகிறது. வேறு விஷயத்தைப் பேசுவதும், "ஊது, இன்னும் ஒரு தடவை ஊது" என்று செய்யவேண்டியதைச் சொல்வதும் குறைந்த அழுகையோடு வருகின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: பெரியவர் சாதாரண நேரத்தில் "பயப்படாதே" என்று சொல்வதில்லை. ஆபத்து நெருங்கும்போது மட்டும் வரும் வாக்கியம் அது, கூடவே குரலும் மெலிந்து உயரும்.

அளவு பற்றி: 0 முதல் 10 வரை மனசில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. 3, 4-இல் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிச் சமாளித்துக் காட்டலாம். 6-ஐத் தாண்டிவிட்டால் குரல் கட்டுக்குள் இருக்காது, காட்டுவதற்கு இறங்குமுகமும் இருக்காது. அப்போது "நான் இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வேறு பெரியவரிடம் விட்டுப் போவதே சரி. கைக்குழந்தை என்றால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் மடியில் வைத்தபடி தணிய முயல்வது மேலே சொன்ன தொடர்பை வலுப்படுத்தும். போனவர் திரும்பி வந்து "இப்போ தணிஞ்சிருக்கு, தண்ணி குடிச்சேன், நாலு தடவை மூச்சு விட்டேன்" என்று சொல்லி முடிக்க வேண்டும். திரும்பி வராமல் விட்டால் பிள்ளை கற்பது "கஷ்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்".

பெரியவர்களின் பணச் சண்டை, உடல்நலக் கவலை மாதிரி பிள்ளையால் எதுவும் செய்ய முடியாததை இந்த முறையில் விளக்கக் கூடாது. பிள்ளையின் கண்முன் ஒரு நிமிடத்தில் தொடங்கி முடியக்கூடிய சின்னச் சிக்கல்களே போதும்: சிந்திய பால், ஓடாத வண்டி, திறக்காத மூடி. தினம் ஒன்றிரண்டு தானாகவே அமையும், நடிக்க வேண்டாம். நடிப்பு என்று தெரிந்தால் நாலு வயசுக்கே சிரிப்பு வந்துவிடும்.

கடைசிபெஞ்ச்

ஒட்டியதைக் கழற்றும் பகுதி என் பங்கு. பார்த்து வந்த பயம் பார்த்தே போகுமா? பெரும்பாலும் குறையும், ஆனால் பார்ப்பதோடு நிறுத்தினால் பாதியில் நிற்கும்.

பாண்டுரா, குருசெக், மென்லவ் 1967: நாய்க்குப் பயந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். தொடர்ந்து 4 நாட்களில் 8 சின்ன அமர்வுகள். பயமில்லாத ஒரு சிறுவன் நாயோடு பழகுவதை உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் கூடுதலாக நெருங்குவான். சிலருக்கு அதை விருந்துக் கொண்டாட்டத்தின் நடுவே காட்டினார்கள், சிலருக்குச் சாதாரணமாக. சிறுவனைப் பார்த்த இரண்டு குழுவும் முன்னேறின, ஒரு மாதம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கொண்டாட்டம் பெரிதாக எதையும் கூட்டவில்லை. சிறுவன் இல்லாமல் கொண்டாட்டத்தின் நடுவே நாயைப் பார்த்தவர்களுக்கும், கொண்டாட்டம் மட்டும் கிடைத்தவர்களுக்கும் அந்தப் பலன் இல்லை. எனவே பலூன், பரிசு, மிட்டாய் என்று செலவு செய்ய வேண்டாம். நெருங்கிப் போகும் ஒரு பிள்ளைதான் தேவை. அடுத்த ஆண்டு பாண்டுராவும் மென்லவும் படமாகக் காட்டினார்கள். ஒரே பிள்ளை ஒரே நாய் என்பதைவிட, பல பிள்ளைகள் பல அளவு நாய்கள் என்ற படம், நாயோடு தனியாக இருப்பது போன்ற கடினமான சோதனையில் கைகொடுத்தது.

1969-இல் பாம்புப் பயம் உள்ளவர்களிடம் பாண்டுரா, பிளான்சர்ட், ரிட்டர் ஒப்பிட்டது: படம் மட்டும், படிப்படியாகக் கற்பனை செய்தல், நேரில் பார்த்துக் கூடவே செய்தல். மூன்றாவது வழியில் 92 சதவீதம் பேருக்குப் பயம் நீங்கியது, மற்ற இரண்டையும்விட மிக அதிகம். இங்கிருந்துதான் இன்றைய நடைமுறை வருகிறது. பிள்ளைக்கு ஏற்றபடி:

1. பிள்ளை நிற்கும் தூரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். சாந்தமான, பழகிய, கயிற்றில் கட்டிய நாய். வேறு ஒருவர் நாயோடு 3 நிமிடம் பழகுவதைப் பார்க்கட்டும். தன் வயதுப் பிள்ளை என்றால் உத்தமம்.
2. தூரத்தைப் பாதியாக்குங்கள். மறுபடி 3 நிமிடம். பதற்றம் இறங்கும் வரை அங்கேயே.
3. பழகுபவர் நாயின் முதுகில் கை வைப்பார், பிள்ளை அவர் கையின் மேல் கை வைக்கும்.
4. அவர் கையை மெல்ல எடுத்துவிடுவார். தேவைப்பட்டால் முதலில் கையுறை, அடுத்த முறை வெறுங்கை.
5. அவர் இரண்டடி தள்ளி நிற்பார், பிறகு அறைக்கு வெளியே.
6. வேறு நாய், வேறு இடம், வேறு பெரியவர்.

ஆறாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான சொதப்பல். பிள்ளை அந்த ஒரு நாய்க்குப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும், தெருவில் வரும் நாய்க்குப் பழையபடி ஓடும். அடுத்தது, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது "சரி இன்னைக்குப் போதும்" என்று தூக்கிக்கொண்டு போவது. போனதும் நிம்மதி வருமே, அந்த நிம்மதி ஓடுவதற்கான கூலியாகிவிடும். நிறுத்த வேண்டியிருந்தால் ஒரு படி பின்னால் போய், அங்கே தணிந்த பிறகு நிறுத்துங்கள். மூன்றாவது சொதப்பல், பயத்தைக் கற்றுக்கொடுத்த அதே பெரியவர் மூலையில் வெளிறிப்போய் நின்று பார்ப்பது. அவரால் முடியாவிட்டால் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். முடிந்தால் அவரும் இந்த ஆறு படி ஏணியில் ஏறட்டும், பிள்ளை அதைப் பார்க்கட்டும்.

ஆர்மிதா கோல்கார் குழுவின் 2013 ஆய்வையும் சேருங்கள். பயத்தை நேரடியாக, மின்னதிர்ச்சி வழியாகக் கற்றவர்கள்கூட, இன்னொருவர் அதே பொருளின் முன் அமைதியாக இருப்பதைப் பார்த்தபோது பயம் குறைந்தது. ஆள் இல்லாமல் பொருளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குப் பிறகு பயம் திரும்பி வந்தது, ஆளோடு பார்த்தவர்களுக்கு வரவில்லை.

முன்கூட்டியே தடுக்கவும் வழி உண்டு, இதற்கு உங்கள் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடமாவது கொடுங்கள். மினேக்காவும் குக்கும் 1986-இல் குட்டிகளுக்கு முதலில் பாம்புக்குப் பயப்படாத குரங்கைக் காட்டினார்கள், பிறகு பயப்படும் குரங்கை. பெரும்பாலானவற்றுக்குப் பயம் ஏறவே இல்லை. முதலில் தானாகப் பாம்பைப் பார்த்துப் பழகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அமைதியாக இருக்கும் ஆளைப் பார்ப்பதில்தான் தடுப்பு இருக்கிறது. ஆக, வீட்டில் ஒருவருக்கு இடிச்சத்தம் ஆகாது என்றால், அதற்குப் பயப்படாத இன்னொருவரோடு பிள்ளை முதல் மழைக்காலத்தைப் பார்க்கட்டும்.

தறி

கேள்வி பிள்ளைகளைப் பற்றியது, இருந்தாலும் ஆசிரியர்களும் வருகிறார்கள் என்பதால் ஒரு துணுக்கு. பெரியவர்களிடமும் இது நடக்கிறது. வெரோனிகா எங்கர்ட் குழு 2014-இல், ஒருவர் நேர்காணலிலும் மனக்கணக்கிலும் திணறுவதை இன்னொருவர் பார்க்க வைத்தது. வெறுமனே பார்த்தவர்களில் 26 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறிப்பிடத்தக்க அளவு ஏறியது. திணறியவர் துணைவர் என்றால் 40, அந்நியர் என்றால் 10. ஒருவழிக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களில் 30, வீடியோவில் பார்த்தவர்களில் 24.

இது தொற்றின் கணக்கு. கற்றல் எங்கே வரும் என்றால், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, பிள்ளைக்கு அடிபட்ட நேரத்தில் மூத்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்கும் இடத்தில். மூத்தவர் மனசுக்குள் எல்லாவற்றையும் சரியாக முடிவெடுத்து, வெளியே கத்தினால், புதியவர் கத்தலை மட்டும் எடுத்துக்கொள்வார். மூன்று வாக்கியம் சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள்: என்ன பார்க்கிறேன், என்ன செய்யப்போகிறேன், நீ என்ன செய். "நெற்றியில் வெட்டு, இரத்தம் வருது. நான் துணி வச்சு அழுத்துறேன். நீங்க மற்ற பிள்ளைகளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிட்டுப் போங்க." ஒத்திகை வைத்தால் மணி அடித்ததோடு முடிக்காதீர்கள். பிள்ளைகளை எண்ணி, எல்லோரும் உட்கார்ந்து, வகுப்பு மறுபடி தொடங்கும் வரை ஓட்டுங்கள். மணியோடு முடியும் ஒத்திகையில் பிள்ளைகள் மணிக்குப் பதறக் கற்பார்கள்.

இளவேனில்

குறிப்பு கிட்டத்தட்ட எழுதியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: பெற்றோர் இதை நாலு வாரம் செய்தார்கள் என்றால், பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பார்கள்? "பிள்ளை இப்போ பரவாயில்லை" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசிபெஞ்ச்

எண்ணக்கூடியதை எண்ணச் சொல்லுங்கள். நாய் என்றால் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது, நெருங்க எத்தனை விநாடி எடுக்கிறது, அந்த நேரத்தில் பெரியவர் முகத்தை எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறது. மூன்றாவது எண் நல்ல அளவுகோல். சந்தேகம் குறையக் குறையத் திரும்பிப் பார்ப்பதும் குறையும். தொடங்கும் முன் இரண்டு தடவை குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வாரம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். மருதநிலம் சொன்ன மாதிரி, ஒரு தடவையாவது அந்தப் பெரியவர் இல்லாமல் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் எண்கள் கொஞ்சம் மோசமாகலாம், இதுவரை தவிர்த்ததை இப்போது எதிர்கொள்கிறதே.

பெற்றோர் தங்களுக்கும் ஒரு எண் வைத்துக்கொள்ளட்டும்: நாளில் எத்தனை தடவை பதறினேன் என்பதை விட்டுவிடுங்கள், பதறியதில் எத்தனையைப் பிள்ளை கண்முன் முடித்துக் காட்டினேன் என்பதை எண்ணுங்கள்.

மருதநிலம்

ஒரு சேர்க்கை. பார்த்துப் பழகியது என்று எல்லாவற்றையும் இதில் போட்டுவிட வேண்டாம். பிள்ளைக்கு நேரடியாக ஏதாவது நடந்து, அதன்பின் திடீரென்று பயம் வந்திருந்தால், அல்லது தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது இவற்றில் ஏதாவது ஒரு மாதத்துக்கு மேல் கெட்டிருந்தால், இந்த ஏணி வேலையை வீட்டில் தொடங்காமல் குழந்தைகள் மனநலம் பார்ப்பவரிடம் அனுப்புங்கள். பெற்றோரின் சொந்தப் பதற்றம் தினமும் 6-க்கு மேலேயே இருக்கிறது என்றால் முதல் சிகிச்சை அவருக்குத்தான். பிள்ளைக்கான பயிற்சி அதற்குப் பிறகு. குறிப்பின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள், கடைசிப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.